வரையறையில் நீ வெட்டிய சொற்கள்

அன்பு மகளுக்கு,

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நீ எழுதிய கடிதமும், கூடவே அனுப்பியிருந்த நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸும் கிடைத்தன. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தாய், வெளியிடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ப்ளஸ் டூ பிள்ளைகள் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

கணக்கு வருகிறது, சமன்பாடு வருகிறது, ‘வரையறு’ என்று கேட்டால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது என்கிறாய். ராத்திரி படித்ததெல்லாம் விடிந்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது என்கிறாய். உன் நோட்டைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எல்லா வரையறைகளையும் ஒவ்வொரு வரியாகச் சுருக்கி வைத்திருக்கிறாய். புத்தகத்தில் மூன்று நான்கு வரி இருப்பதில் எது முக்கியம் என்று நீயே முடிவுசெய்து மிச்சத்தை வெட்டியிருக்கிறாய். நீ வெட்டிய சொற்களில்தான் வேதியியல் இருக்கிறது, அம்மா. அவற்றைத் திரும்ப எடுத்து ஒட்டத்தான் இந்தக் கடிதம்.

முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். ‘அயனியாக்கும் ஆற்றல்: அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றல்’ என்று எழுதியிருக்கிறாய். புத்தகம் சொல்வது என்ன? அணு தனித்ததாக இருக்க வேண்டும், நடுநிலையானதாக இருக்க வேண்டும், வாயு நிலையில், தாழ் ஆற்றல் நிலையில் இருக்க வேண்டும். நீக்கப்படுவது மிகத் தளர்வாகப் பிணைந்திருக்கும் எலக்ட்ரானாக இருக்க வேண்டும். சொல்லும் ஆற்றல் குறைந்தபட்ச ஆற்றலாக இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளும் ஆசிரியர்கள் உன்னை வதைப்பதற்காக வைத்தவை என்றுதான் உனக்குத் தோன்றியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார், என்ன ஆகிறது என்று.

சோடியத்தை எடுத்துக்கொள். அதன் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூல். ‘வாயு நிலை’ என்பதை நீக்கிவிட்டால், ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் சோடியத் துண்டிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம் என்றாகிவிடும். அந்தத் துண்டிலிருந்து அணுக்களைப் பிரித்து ஆவியாக்கவே மோலுக்குச் சுமார் 107 கிலோஜூல் செலவாகும். அப்போது கிடைக்கும் எண்ணில் அணுவின் பிடிப்பு எவ்வளவு, உலோகத்தின் பிடிப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

‘தாழ் ஆற்றல் நிலை’ என்பதை நீக்கு. எல்.இ.டி. விளக்குகள் வருவதற்கு முன்னால் நம் ஊர்ச் சாலைகளில் மஞ்சளாக எரிந்தவை சோடியம் ஆவி விளக்குகள். அந்தக் குழாய்க்குள் சோடியம் அணுவின் வெளி எலக்ட்ரான் மேல் மட்டத்துக்கு ஏறி, இறங்கும்போது 589 நானோமீட்டர் அலைநீள மஞ்சள் ஒளியைக் கொடுக்கிறது. மேலே ஏறி நிற்கும் நேரத்தில் அந்த எலக்ட்ரானைப் பிடுங்க 496 வேண்டியதில்லை. ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். ‘நடுநிலையான’ என்பதை நீக்கினால், ஏற்கெனவே ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாகும். அதிலிருந்து அடுத்த எலக்ட்ரானை எடுக்க 4,562 கிலோஜூல் வேண்டும், ஒன்பது மடங்குக்கும் மேலே. ‘குறைந்தபட்ச’ என்பதை நீக்கினால் எந்த எண்ணையும் எழுதலாம். எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும் எலக்ட்ரான் வெளியேறத்தான் செய்யும், மிச்சமிருக்கும் ஆற்றல் அதன் வேகமாகிவிடும்.

இப்படி ஒரு சொல்லை எடுத்துவிட்டு, எது கெட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் நான் உனக்குச் சொல்லித்தரும் வழி. கெட்டுப்போவதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சொல் உனக்கு மறக்காது. பத்து முறை எழுதிப் பார்க்கவும் வேண்டாம்.

அடுத்த பக்கத்தில் இரண்டு வரையறைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘கலந்துவிடுகிறது’ என்று எழுதியிருந்தாய். எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை. இரண்டுக்கும் உன் நோட்டில் ‘எலக்ட்ரானை ஈர்க்கும் திறன்’ என்றே இருக்கிறது. அப்புறம் எப்படிக் கலக்காமல் இருக்கும்? முதலாவது, தனியாக நிற்கும் வாயு நிலை அணு ஓர் எலக்ட்ரானைப் புதிதாக ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல். அதை அளக்கலாம், கிலோஜூலில் எழுதலாம். இரண்டாவது, சகப்பிணைப்பில் இருக்கும் அணு, பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான் இரட்டையைத் தன் பக்கம் இழுக்கும் போக்கு. அது ஓர் ஒப்பீட்டு எண்; அலகு கிடையாது. லினஸ் பாலிங் 1932-ல் அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ‘தனித்த அணு’, ‘பிணைப்பிலுள்ள அணு’ என்ற இந்தச் சொற்களை நீ வெட்டிவிட்டதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஒன்றல்ல என்பதற்குப் புளூரினும் குளோரினும் சாட்சி. எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின்தான் பெரியது: மோலுக்கு 349 கிலோஜூல், புளூரினுக்கு 328. புளூரின் அணு மிகச் சிறியது. புதிதாக வரும் எலக்ட்ரானுக்கு அங்கே ஏற்கெனவே நெருக்கடி. எலக்ட்ரான் கவர்தன்மையில் புளூரின் முதலிடம்: பாலிங் அளவில் 3.98, குளோரின் 3.16. நீட் தேர்விலும் பொதுத்தேர்விலும் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றி எத்தனை விதமாகக் கேட்டாலும், வரையறையின் இந்தச் சொற்களைப் பிடித்தவளுக்குப் பதில் வந்துவிடும்.

இனி ஆய்வகத்துக்கு வா. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான நிறை 31.6 என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாய். அமில ஊடகத்தில் அது சரி. பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158. அமில ஊடகத்தில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் 7-லிருந்து 2-க்கு இறங்குகிறது. ஐந்து எலக்ட்ரான்கள், ஆகவே 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6. நடுநிலை ஊடகத்தில் 4 வரைதான் இறங்கி மாங்கனீசு டைஆக்சைடாக நின்றுவிடும். மூன்று எலக்ட்ரான்கள், சமான நிறை 52.67. வலிமையான கார ஊடகத்தில் ஒரே எலக்ட்ரானைப் பெற்றுப் பச்சை நிற மாங்கனேட்டாகும். சமான நிறை 158. ஒரே சீசாவில் இருக்கும் ஒரே பொருளுக்கு மூன்று சமான நிறைகள். அணு நிறையைப் போல இது பொருளோடு பிறந்த எண் கிடையாது. எந்த வினையில் ஈடுபடுகிறதோ அந்த வினைக்குரிய எண்.

இதை நீ கண்ணால் பார்த்திருப்பாய், கவனித்தாயா என்பதுதான் தெரியவில்லை. ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவீர்கள். முதல் சொட்டின் நிறம் போக நேரமாகும்; அடுத்தடுத்த சொட்டுகள் சட்டென்று நிறமிழக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை விரைவுபடுத்துகிறது. ‘தன் வினைவேக மாற்றி’ என்று உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் கிடக்கும் வரையறை இதுதான். கந்தக அமிலத்தைக் குறைவாக ஊற்றியவர்களின் குடுவையில் மட்டும் பழுப்பாகக் கலங்கும். சூடு போதவில்லை, கை சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்தப் பழுப்பு, மாங்கனீசு டைஆக்சைடு. அமில ஊடகம் என்ற நிபந்தனை அந்தக் குடுவையில் தவறிவிட்டது. ஐந்து எலக்ட்ரான் கணக்கு மூன்றாக மாறத் தொடங்கிவிட்டது. நீ வெட்டிய ‘அமில ஊடகத்தில்’ என்ற சொற்கள் அங்கே நிறமாகவே கண்ணுக்குத் தெரிகின்றன. கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் வேறு கேடு: பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கும், பியூரெட் அளவு கூடிவிடும்.

செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் ஆய்வகக் கதவைத் திறக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. எனக்கு அது ஆறாத வருத்தம். வரையறைகளை வகுப்பறையில் எழுதிப்போட்டுவிட்டு, அவை உயிரோடு நடமாடும் அறையைப் பூட்டி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் ஜூன் மாதத்திலேயே பியூரெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மோலாரிட்டி, மோலாலிட்டி இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் கரைசலில் இருக்கும் கரைபொருளின் மோல்கள் மோலாரிட்டி. ஒரு கிலோகிராம் கரைப்பானில் இருப்பவை மோலாலிட்டி. நீ இரண்டிலும் ‘கரைசலில்’ என்றே எழுதியிருக்கிறாய். லிட்டர் என்பது பருமன். பருமன் வெயிலுக்கு விரியும். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் நீ சரியாக ஒரு மோலார் கரைசல் தயாரித்துச் சீசாவில் வைத்தால், சித்திரை மதியத்தில் 40 டிகிரியில் அதே கரைசல் ஏறத்தாழ 0.994 மோலார். யாரும் தொடவில்லை, எதுவும் குறையவில்லை, லிட்டருக்கு ஆறு மில்லி அளவுக்கு நீர் விரிந்திருக்கிறது. மோலாலிட்டி நிறையைச் சார்ந்தது, வெயிலுக்கு அசையாது. உறைநிலைத் தாழ்வைக் கணக்கிடும் சூத்திரத்தில் மோலாலிட்டி வருவது இதனால்தான். வெப்பநிலை மாறுவதையே அளக்கும் இடத்தில், வெப்பநிலைக்கு மாறும் அளவை வைத்துக்கொள்ள முடியாது. விளக்குத்தூண் பக்கம் ஐஸ்கிரீம் போட்ட ஜிகர்தண்டா குடித்திருப்பாய். மின்சாரக் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் ஐஸ்கிரீம் கடைந்தவர்கள் பனிக்கட்டியில் கல்லுப்பைக் கொட்டிக் குளிர்ச்சியைக் கூட்டினார்கள். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவை சுழிக்குக் கீழே 21 டிகிரி வரை இறங்கும். ஒரு மோலால் சர்க்கரைக் கரைசலின் உறைநிலை 1.86 டிகிரி தாழும். ஒரு மோலால் உப்புக் கரைசலில் ஏறத்தாழ அதன் இரு மடங்கு தாழும், உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிவதால். ‘கரைபொருள் துகள்களின் எண்ணிக்கையை மட்டும் சார்ந்த’ என்று தொகைசார் பண்புகளின் வரையறையில் வருகிறதே, அந்த ‘துகள்கள்’ என்ற சொல்லை ‘மூலக்கூறுகள்’ என்று மாற்றி எழுதாதே. உப்பு உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சர்க்கரை என்றதும் அலங்காநல்லூர் நினைவுக்கு வருகிறது. அங்கே உள்ள தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்றுபோய், திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடியதைச் செய்தியில் படித்திருப்பாய். கரும்பு விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள் உன் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களைக் கேள்: வெட்டிய கரும்பை ஏன் உடனே ஆலைக்கு அனுப்பத் துடிக்கிறார்கள்? எடை குறைந்துவிடும் என்பார்கள். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. கரும்பிலுள்ள சுக்ரோஸ் நீரோடு வினைபுரிந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைகிறது. உடைந்தது கற்கண்டுபோலப் படிகமாகாது. ஆலைக்குக் கிடைக்கும் சர்க்கரை குறைந்துவிடும். சாற்றில் அமிலத்தன்மை இருந்தால் இந்த உடைப்பு விரைவாகும். அதனால்தான் ஆலையில் சாற்றோடு சுண்ணாம்புப் பாலைச் சேர்க்கிறார்கள்.

வேதிவினையின் வேகத்தை மனிதர்கள் முதன்முதலில் முறையாக அளந்தது இதே வினையில்தான். 1850-ல் ஜெர்மனியில் லுட்விக் வில்ஹெல்மி என்பவர், அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசல் வழியே தள விளைவுற்ற ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு திரும்புகிறது என்று நேரம் செல்லச் செல்லக் குறித்துவந்தார். சுக்ரோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். கரைசலைத் தொடாமலே, உள்ளே எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று அவரால் சொல்ல முடிந்தது. வேகம், அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. முதல் வகை வினை.

இப்போது உன் நோட்டு: ‘வினைவகை: வினைபடும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை.’ அப்படியானால் இந்த வினைக்கு வினைவகை இரண்டாக இருக்க வேண்டும். சர்க்கரை ஒன்று, நீர் ஒன்று. வில்ஹெல்மிக்குக் கிடைத்ததோ ஒன்று. யார் தவறு? நீ வெட்டிய சொற்களைப் பார்: ‘சோதனை மூலம் கண்டறியப்பட்ட வேக விதியில், செறிவு உறுப்புகளின் அடுக்குகளின் கூடுதல்.’ வினைவகையைச் சமன்பாட்டைப் பார்த்து எழுத முடியாது; அளந்துதான் எழுத வேண்டும். சுழியாக வரலாம், பின்னமாகவும் வரலாம். ஒரு தனிப்படியில் மோதிக்கொள்ளும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் மூலக்கூறு எண்; அது முழு எண்ணாகத்தான் இருக்கும். சுழி மூலக்கூறு மோதினால் வினை ஏது?

நீர் எங்கே போயிற்று என்று கேட்பாய். ஒரு லிட்டர் நீரில் 55.5 மோல் நீர் இருக்கிறது. அதில் 0.1 மோல் சர்க்கரையைக் கரைத்து, அத்தனையும் உடைந்து முடிந்தாலும் நீர் 55.4 மோலாகத்தான் குறையும். குறைந்தது கருவிக்கே தெரியாது. நீரின் செறிவு மாறிலியாகி வேக மாறிலிக்குள் ஒளிந்துகொள்கிறது. ‘போலி முதல் வகை வினை’ என்பதன் வரையறையில் ‘ஒரு வினைபடுபொருள் மிக அதிக அளவில் இருக்கும்போது’ என்று வருகிறதே, அதன் முழு உயிரும் அங்கேதான். நீரைக் குறைத்துவிட்டால் ‘போலி’ கலைந்து இரண்டாம் வகை வெளியே வந்துவிடும்.

குளுக்கோஸ், பிரக்டோஸ் இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே; அணுக்கள் அமைந்த விதம் வேறு. இவை மாற்றியங்கள். மாற்றியம், ஐசோடோப்பு, புறவேற்றுமை வடிவம் மூன்றையும் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவதைத் திருத்தித் திருத்தி எனக்குக் கை ஓய்ந்திருக்கிறது. எது ஒன்றாக இருக்கிறது, எது வேறாக இருக்கிறது என்று மட்டும் கேள். மாற்றியத்தில் சேர்மத்தின் வாய்பாடு ஒன்று, அமைப்பு வேறு. ஐசோடோப்பில் அணு எண் ஒன்று, நிறை எண் வேறு. புறவேற்றுமை வடிவத்தில் தனிமம் ஒன்று, அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு.

கடைசியாகச் சொன்னது வெறும் தேர்வு விஷயமில்லை. மதுரையிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1920-களின் தொடக்கத்தில் அங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் குச்சித் தலையிலேயே வெள்ளை பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள். அதே தனிமம்தான், அதே அணுதான். ஆனால் வெள்ளை பாஸ்பரஸ் 30 டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் போனாலே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும், நம் ஊர் வெயிலே அதற்குப் போதும். அதனால்தான் நீருக்கடியில் வைக்கிறார்கள். சிவப்பு பாஸ்பரஸுக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளை பாஸ்பரஸின் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. அவர்களில் பெண்களும் உன் வயதுப் பிள்ளைகளும் ஏராளம். 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தொழில் தொடங்கியபோது அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அங்கே பட்டாசு விபத்துகளில் உயிர்கள் போவதைக் கேட்டு நெஞ்சு பதைக்கிற நாம், இந்த ஒரு கொடுமையாவது அந்த ஊர்த் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு நேராமல் போனதே என்று நினைத்துக்கொள்ளலாம். ‘ஒரே தனிமத்தின் வெவ்வேறு வடிவங்கள்’ என்று நீ ஒரே வரியில் கடந்துபோன வரையறை, சிலருடைய தாடை எலும்பைக் காப்பாற்றியிருக்கிறது.

மின்வேதியியலில் ஒன்றே ஒன்று. ‘ஆனோடு: நேர்மின்வாய்’ என்று எழுதியிருக்கிறாய். ஆக்சிஜனேற்றம் நடக்கும் மின்வாய் ஆனோடு. குறி அதன் வரையறையில் இல்லவே இல்லை. மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்க்குறி கொண்டது, கால்வானிக் மின்கலத்தில் எதிர்க்குறி கொண்டது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் காரீயத் தகடு எப்போதும் எதிர்முனைதான். வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும்போது அங்கே ஆக்சிஜனேற்றம் நடப்பதால் அது ஆனோடு. சார்ஜ் ஏறும்போது அதே தகட்டில் ஒடுக்கம் நடப்பதால் கேத்தோடு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பது தெரியுமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறந்தார்கள். உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் சொல்லி, அனுமதி வாங்கி ஒருநாள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மதுரையிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பும் தூரம்தான்.

வரையறைகள் மாறுமா என்றும் கேட்டிருந்தாய். மாறும். உன் வயதுக்குள்ளேயே ஒன்று மாறியது. 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை துகள்களைக் கொண்ட பொருளின் அளவு ஒரு மோல் என்பது 1971-லிருந்து இருந்த வரையறை. 2018 நவம்பரில் பிரான்சில் வெர்சாயில் கூடிய எடை அளவைப் பொது மாநாடு அதை மாற்றியது. 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். முன்பு 12 கிராம் நிலையாக இருந்தது, எண்ணிக்கையை அளந்து கண்டுபிடித்தார்கள். இப்போது எண்ணிக்கை நிலையாகிவிட்டது; கார்பன்-12-ன் ஒரு மோல் நிறையைத்தான் இனி அளந்து சொல்ல வேண்டும். வித்தியாசம் உன் கணக்கு எதையும் தொடாத அளவுக்கு நுண்ணியது. 2018-ல் வந்த நம் பதினோராம் வகுப்புப் புத்தகம் கார்பன்-12-ஐத்தான் சொன்னது. புத்தகத்தில் உள்ளபடி எழுது, புதியதையும் தெரிந்து வைத்துக்கொள். திட்ட வெப்பநிலை அழுத்தத்தில் ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டரா 22.7 லிட்டரா என்ற குழப்பமும் இப்படித்தான் வந்தது. அழுத்தம் ஒரு வளிமண்டலம் என்றால் 22.4, 1982-ல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பரிந்துரைத்தபடி ஒரு பார் என்றால் 22.7. கேள்வியில் அழுத்தம் என்ன கொடுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. அமிலத்துக்கு அர்ரீனியஸ் ஒன்று சொன்னார். 1923-ல் பிரான்ஸ்டெடும் லௌரியும் ஒன்று சொன்னார்கள். அதே ஆண்டில் லூயிஸ் இன்னொன்று சொன்னார். ஒன்று தப்பென்று இன்னொன்று வரவில்லை. ஹைட்ரஜனே இல்லாத போரான் ட்ரைபுளூரைடையும் அமிலமென்று சொல்ல லூயிஸின் வரையறை இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீ ஏமாந்துபோவாய். 70 மதிப்பெண் எழுத்துத் தாளில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள். அவற்றில் பலவற்றை நிபந்தனைச் சொல்லைப் பிடித்தே விடை காணலாம். இரண்டு மதிப்பெண் வரையறைக்கு நிபந்தனைகளை முதலில் எழுது, அளவை அடுத்து எழுது, அலகு இருந்தால் கடைசியில் எழுது. ஒரு வரியில் சுருக்கித் தரும் கையேடுகளைப் பரணில் போடு. பாடநூல் பெரிதாக இருக்கிறது என்று அவற்றைக் கையில் எடுத்துத்தான் உனக்கு இந்தக் கலக்கமே வந்தது. வகுப்பில் பக்கத்தில் இருப்பவளோடு சேர்ந்து படி. நீ வரையறையைச் சொல், அவள் ஒரு சொல்லை விரலால் மறைக்கட்டும். மறைத்தது இல்லாவிட்டால் எது கெட்டுப்போகும் என்று நீ சொல்ல வேண்டும். நாளைக்கு இரண்டு வரையறை போதும்.

ஒன்றை மட்டும் நான் சொல்லாமல் உனக்கே விடுகிறேன். வேதிச் சமநிலைக்கு ‘வினை நின்றுவிடும் நிலை’ என்று எழுதியிருக்கிறாய். நிற்கவில்லை, முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. அது போகட்டும். புத்தகத்தில் ‘மூடிய அமைப்பில்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதையும் வெட்டியிருக்கிறாய். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும். இது இருபக்கமும் நடக்கக்கூடிய வினை. ஏறத்தாழ 900 டிகிரியில் கார்பன் டைஆக்சைடின் சமநிலை அழுத்தம் ஒரு வளிமண்டலத்தை எட்டும். மூடிய கலனில் வைத்துச் சுட்டால் வினை ஓரிடத்தில் சமநிலைக்கு வந்துவிடும். சுண்ணாம்புக் காளவாசலில் அப்படி வருவதில்லை; கல் முழுக்கச் சுண்ணாம்பாகிவிடுகிறது. அந்தச் சுண்ணாம்பை நீர் ஊற்றிக் குழைத்துத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களிலும் வளைவுகளிலும் பூசினார்கள். 1636-ல் கட்டிய அந்த மகாலின் பூச்சு, பூசிய பிறகு காற்றிலிருந்த கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொண்டு திரும்பவும் கால்சியம் கார்பனேட்டாக இறுகியது. காளவாசலில் ஏன் சமநிலை வரவில்லை, மகாலின் சுவரில் வினை ஏன் எதிர்த்திசையில் போயிற்று என்று ‘மூடிய அமைப்பில்’ என்ற சொல்லையும் லே சாட்லியர் தத்துவத்தையும் வைத்து ஒரு பக்கம் எழுதி அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மதுரை